ரஜூலா முதல் உல்லாசக் கப்பல் வரை: நம் குடும்பங்களின் கடல் பயணங்கள்

பள்ளி விடுமுறை நெருங்கிவிட்டால் பெற்றோர்களின் புலனக் குழுக்களில் சுற்றுலா விளம்பரங்கள் வலம்வரத் தொடங்கிவிடும். கேமரன் மலை, லங்காவி, பினாங்கு என்றிருந்த பட்டியலில் இப்போது உல்லாசக் கப்பல் பயணமும் சேர்ந்துகொண்டது. புந்தோங் போன்ற உழைக்கும் மக்கள் வாழும் வட்டாரத்திலிருந்தும் சில குடும்பங்கள் சிறுகச் சிறுகச் சேமித்து, பிள்ளைகளோடு மூன்று நான்கு நாள்கள் கடலில் தங்கி வருகின்றன. இதில் குறைகாண ஒன்றுமில்லை. ஆண்டு முழுவதும் உழைத்த பெற்றோர் தம் பிள்ளைகளோடு மகிழ்ந்திருப்பது நல்ல செயலே.

ஆனால், அவ்வாறு சென்று வந்த ஒரு மாணவன், “எங்கள் குடும்பத்திலேயே கப்பலில் போன முதல் ஆள் நான்தான்” என்று வகுப்பில் பெருமையோடு சொல்லும்போது, ஆசிரியர் சற்றே நின்று சிந்திக்க வேண்டியிருக்கிறது. அவனுடைய பாட்டனும் முப்பாட்டனும் கப்பலில் வந்தவர்களாக இருக்கக்கூடும். வந்ததோடு நில்லாமல், மனைவி மக்களை அழைத்துக்கொண்டு அதே கப்பலில் ஊருக்குச் சென்று, சில மாதங்கள் தங்கித் திரும்பியவர்களாகவும் இருக்கக்கூடும். இது நம் வீடுகளிலேயே சொல்லப்படாமல் போய்விட்டது. அதனைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

உல்லாசக் கப்பல் பிறந்த கதை

கடலில் சுற்றிவிட்டுப் புறப்பட்ட துறைமுகத்திற்கே திரும்புவதற்காக ஒருவர் பணம் கொடுப்பார் என்பது ஒரு காலத்தில் வியப்பான எண்ணமாக இருந்தது. 1891-ஆம் ஆண்டு ஜெர்மனியைச் சேர்ந்த கப்பல் நிறுவன நிர்வாகி ஆல்பர்ட் பாலின், குளிர்காலத்தில் பயணிகளின்றி முடங்கிக் கிடந்த ‘ஆகஸ்டா விக்டோரியா’ என்னும் கப்பலை மத்தியதரைக் கடலுக்கு அனுப்பினார். 241 பயணிகள் ஏறத்தாழ இரண்டு மாதங்கள் ஊர்கள் பல கண்டு திரும்பினர். இன்றைய உல்லாசக் கப்பல் தொழிலின் தொடக்கமாக இப்பயணத்தையே பலரும் குறிப்பிடுகின்றனர்.

பின்னர் 1950-களின் இறுதியில் ஜெட் விமானங்கள் வந்தன. ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குச் செல்வதற்காகக் கப்பலேறுவோர் குறைந்தனர். பயணத்திற்காகக் கட்டப்பட்ட கப்பல்கள் பல உல்லாசத்திற்கென மாற்றப்பட்டன, சில விற்கப்பட்டன. நம் நாட்டைப் பொறுத்தவரை, கெந்திங் குழுமத்தைச் சேர்ந்த ஸ்டார் குரூஸ் நிறுவனம் 1993-ஆம் ஆண்டு தோற்றம் பெற்றது. 1999-இல் வந்த ‘சூப்பர்ஸ்டார் வர்கோ’ என்னும் கப்பல் மலேசிய, சிங்கப்பூர்க் குடும்பங்கள் பலவற்றுக்கு முதல் கப்பல் அனுபவமாக அமைந்தது. அக்குழுமத்தின் ஹாங்காங் நிறுவனம் 2022-இன் தொடக்கத்தில் நொடித்துப்போனது. அதே ஆண்டு ஜூன் மாதம் முதல் ‘கெந்திங் டிரீம்’ என்னும் கப்பல் புதிய நிறுவனத்தின் பெயரில் சிங்கப்பூரிலிருந்து பயணங்களைத் தொடங்கியது.

இதுவரை சொன்னவற்றை எந்தச் சுற்றுலா நிறுவனமும் சொல்லிவிடும். இனி வருவது நம் கதை.

ரஜூலா என்னும் பெயர்

அறுபது, எழுபது வயதைக் கடந்த நம் பெரியவர்களிடம் ‘ரஜூலா’ என்று சொல்லிப் பாருங்கள். பலரின் முகம் மலரும். சிலரின் கண்கள் கலங்கும்.

எஸ்.எஸ். ரஜூலா 1926-ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் கட்டப்பட்ட நீராவிக் கப்பல். பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் நிறுவனத்துக்கு உரியது. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் ஆகிய துறைமுகங்களை இணைத்து அது ஓடியது. போர்ட் சுவெட்டன்ஹாம் என்பதுதான் 1972 முதல் கிள்ளான் துறைமுகம் என்று வழங்கப்படுகிறது. இடையே இரண்டாம் உலகப் போர்க்காலம் நீங்கலாக, ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் வங்கக் கடலை அக்கப்பல் குறுக்கும் நெடுக்குமாகக் கடந்தது.

இங்கே ஒரு கணக்கைச் செய்து பார்ப்போம். ரஜூலாவின் மொத்தக் கொள்ளளவு 8,478 டன். இந்த ‘டன்’ கப்பலின் எடையைக் குறிப்பதன்று. உள்ளே இருக்கும் இடத்தின் அளவைக் குறிப்பது. கெந்திங் டிரீம் கப்பலின் கொள்ளளவு ஏறத்தாழ 1,50,000 டன்; அதாவது ரஜூலாவைப் போல ஏறத்தாழ 18 மடங்கு. அதில் ஓர் அறைக்கு இருவர் என்ற கணக்கில் ஏறக்குறைய 3,300 பயணிகள் தங்கலாம். ரஜூலாவுக்கோ, அது கட்டப்பட்ட காலத்தில், 5,000-க்கும் மேற்பட்ட டெக் பயணிகளை ஏற்றிச்செல்ல அனுமதி இருந்தது. வகுத்துப் பார்த்தால், உல்லாசக் கப்பலில் ஒருவருக்கு 45 டன் இடம். ரஜூலா நிறைந்து சென்றால் ஒருவருக்கு இரண்டு டன் இடம்கூட இல்லை. பிற்காலத்தில் இந்த எண்ணிக்கை வெகுவாகக் குறைக்கப்பட்டது. ஆயினும், நம் முன்னோர் எப்படிப் பயணம் செய்தனர் என்பதை இந்த ஒரு கணக்கே நமக்கு உணர்த்திவிடும்.

ஈப்போவிலிருந்து நாகப்பட்டினம் வரை

டெக் பயணி என்றால் அறை கிடையாது. கப்பலின் தளத்தில் பாயை விரித்த இடமே வீடு. தகரப்பெட்டி, துணிமூட்டை, பித்தளைச் செம்பு ஆகியவற்றைச் சுற்றிலும் வைத்து ஒரு குடும்பம் தன் எல்லையை வகுத்துக்கொள்ளும். பக்கத்துப் பாயில் இருப்பவர் ஊர் எது, தோட்டம் எது என்று விசாரிப்பதிலிருந்து உறவு தொடங்கும். கடல் கொந்தளித்தால் வயிற்றைப் புரட்டும். அதற்காகவே ஊறுகாயையும் எலுமிச்சம்பழத்தையும் கையோடு கொண்டுபோவர்.

பேராக்கிலிருந்து செல்வோர் ஈப்போவில் இரயிலேறிப் பிறை வரை சென்று, அங்கிருந்து பெரியில் பினாங்குத் தீவை அடைந்து கப்பலேறினர். கப்பல் மலாக்கா நீரிணையின் வடமுனையைக் கடந்து, சுமத்திராவுக்கும் நிக்கோபார்த் தீவுகளுக்கும் இடையே சென்று, வங்கக் கடலில் நுழையும். நாகப்பட்டினத்தில் பெரிய கப்பல்கள் கரையை அணைய இயலாது. கப்பல் ஆழ்கடலில் நங்கூரமிட, பயணிகளும் பெட்டிகளும் படகில் இறங்கிக் கரை சேர வேண்டும். கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, ஆடும் படகில் கால் வைத்த தாய்மார்களை எண்ணிப் பாருங்கள்.

நம் நாட்டில் ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறை நெடுங்காலம் நவம்பர், டிசம்பர் மாதங்களிலேயே இருந்துவந்தது. வங்கக் கடலில் வடகிழக்குப் பருவமழையும் புயலும் வீசும் காலமும் அதுவே. பிள்ளைகளின் படிப்பு கெடக்கூடாது என்று நினைத்த பெற்றோர், கடல் மிகக் கடுமையாக இருக்கும் மாதங்களில் பயணம் செய்ய வேண்டியிருந்தது.

வருகையின்போது வேறொரு தடையும் இருந்தது. கப்பலில் அம்மையோ காலராவோ கண்டால், பினாங்குக்கு அருகில் உள்ள ஜெரெஜாக் தீவின் தனிமைப்படுத்தும் முகாமில் பயணிகள் தங்கவைக்கப்பட்டனர். கோவிட் பெருந்தொற்றுக் காலத்தில் 2020-இல் நாம் வீட்டுக்குள் அடைந்து கிடந்தபோது புதிதாகத் தோன்றிய அச்சொல், நம் முப்பாட்டன்மாருக்குப் பழகிய சொல்லாகும்.

ஒருவழி அம்பு, இருவழி அம்பு

நாம் வகுப்பில் வரைபடம் வரையும்போது, தமிழ்நாட்டிலிருந்து மலாயாவை நோக்கி ஓர் அம்புக்குறி இடுகிறோம். “ஆங்கிலேயர் ரப்பர்த் தோட்டங்களில் வேலை செய்யத் தமிழர்களைக் கொண்டுவந்தனர்” என்று எழுதிப்போடுகிறோம். அது பொய்யன்று. ஒப்பந்தக் கூலி முறையின் கொடுமையும், 1910-ஐ ஒட்டி அது முடிவுக்கு வந்த பின்னர் ஓங்கிய கங்காணி முறையின் ஏமாற்றங்களும் மறைக்கக்கூடாதவை. ஆனால், அந்த அம்புக்கு ஒரு முனை மட்டுமே இருப்பதுதான் பிழை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து நாட்டின் சுதந்திரம் வரையிலான காலத்தில், இந்தியாவிலிருந்து மலாயாவுக்கு வந்தோர் ஏறத்தாழ 40 இலட்சம் பேர் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டுள்ளனர். அவர்களில் பெரும்பாலோர் திரும்பிச் சென்றுவிட்டனர். நாம், தங்கியவர்களின் பிள்ளைகள். சென்றவர்களின் பிள்ளைகள் தஞ்சையிலும் திருச்சியிலும் சேலத்திலும் இன்று வாழ்கின்றனர்.

திரும்பியவர் எல்லாரும் விரும்பித் திரும்பியவர் அல்லர். 1930-களின் தொடக்கத்தில் உலகப் பொருளாதார மந்தத்தால் ரப்பர் விலை சரிந்தபோது, வேலை இழந்த பல்லாயிரம் பேர் கப்பலேற்றித் திருப்பி அனுப்பப்பட்டனர். ஆயினும், தம் விருப்பத்தால் சென்று திரும்பியோரும் எண்ணற்றோர். தங்கைக்குத் திருமணம், தாய்க்கு நோய், குலதெய்வத்துக்கு நேர்த்திக்கடன், பிறந்த பிள்ளையைப் பாட்டியிடம் காட்ட வேண்டும் என்ற ஆசை என்று காரணங்கள் பல. பால்மரம் சீவியும், இரயில்வேயிலும் நகராண்மைக் கழகத்திலும் உழைத்தும் சேர்த்த பணத்தில் ஒரு குடும்பம் ‘ஊருக்குப் போய் வந்தது’. சுற்றுலா என்ற சொல் அவர்களுக்குத் தெரியாது. குடும்பத்தோடு பெரிய கப்பலில் கடல் கடந்து சென்று, சில மாதங்கள் தங்கித் திரும்பிய அந்தப் பயணமே அவர்களுடைய விடுமுறை.

தொழிலாளர் மட்டுமல்லர், வணிகரும் ஆசிரியரும் தலைவரும் அதே கடல் வழியே வந்தனர். 1929 டிசம்பரில் பெரியார் ஈ.வெ.ரா. தம் துணைவியார் நாகம்மையாருடன் நாகப்பட்டினத்திலிருந்து கப்பலேறிப் பினாங்கு வந்தார். நம் ஈப்போவில் நடைபெற்ற தமிழர் சீர்திருத்த மாநாட்டிலும் உரையாற்றினார். புந்தோங்கின் பெயரை நாடறியச் செய்த கச்சாங் பூத்தே தொழிலை எடுத்துக்கொள்ளுங்கள். அத்தொழிலைச் செய்யும் குடும்பங்கள் பல தங்கள் வேரை எட்டயபுரம் வட்டாரத்தில் காட்டுகின்றன. எட்டயபுரத்திற்கும் புந்தோங்கிற்கும் இடையே இருந்த பாலம் அக்காலக் கப்பலே.

பாலம் அறுந்த தருணங்கள்

அந்தப் பாலம் ஒரே நாளில் முறியவில்லை. 1938-இல் இந்திய அரசு, தோட்ட வேலைக்கு ஆள் அனுப்புவதைத் தடை செய்தது. 1941 டிசம்பரில் ஜப்பானியர் படையெடுத்தனர். அம்மாதம் 11-ஆம் நாள் பினாங்கு நகரின்மீது குண்டுகள் விழுந்தன. அதன்பின் 1945 வரை பயணிகள் கப்பல் இல்லை. விடுமுறைக்காக ஊருக்குச் சென்ற மனைவி அங்கே, கணவன் இங்கே என்று பிரிந்துபோன குடும்பங்கள் பல. இங்கிருந்த கணவன் சயாம் மரண இரயில்பாதை வேலைக்குப் பிடித்துச் செல்லப்பட்டிருந்தால், அங்கிருந்த மனைவிக்கு அச்செய்தி எட்டவும் வழியில்லை.

கப்பல்களும் போருக்குத் தப்பவில்லை. ரஜூலாவின் சகோதரக் கப்பலான ரோனாவும் 1926-இல் கட்டப்பட்டு, இதே கடல் வழியில் நம் மக்களைச் சுமந்ததுதான். போரின்போது அது படைவீரர்களை ஏற்றிச்செல்லப் பயன்படுத்தப்பட்டது. 1943 நவம்பர் 26 அன்று, அல்ஜீரியாவுக்கு அருகே மத்தியதரைக் கடலில், ஜெர்மானிய விமானம் ஏவிய குண்டால் தாக்குண்டு அது மூழ்கியது. 1,138 பேர் மாண்டனர்; அவர்களில் 1,015 பேர் அமெரிக்கப் படைவீரர்கள். கப்பலில் பணிபுரிந்த இந்திய மாலுமிகளும் உயிரிழந்தனர்.

போருக்குப் பின் ரஜூலா மீண்டும் ஓடியது. ஆனால் சட்டங்கள் இறுகின. 1953-இல் நடைமுறைக்கு வந்த குடிநுழைவுச் சட்டத்தால், புதிதாக வருவோருக்குக் கதவு ஏறத்தாழ மூடப்பட்டது. பின்னர் வந்ததுதான் மிகப் பெரிய பிரிவு. 1968-ஆம் ஆண்டின் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி, குடியுரிமை இல்லாதவர்கள் வேலை அனுமதி பெற்றாக வேண்டும் என்றானது. சிவப்பு அடையாள அட்டை வைத்திருந்த தோட்டத் தொழிலாளர்கள் பல்லாயிரம் பேர், 1969, 1970-ஆம் ஆண்டுகளை ஒட்டி, மூட்டை முடிச்சுகளோடு கப்பலேறினர்.

ஆசிரியர்களாகிய நாம் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தப் பெற்றோருக்கு அது ஊர் திரும்புதல். ஆனால் தோட்டத்தில் பிறந்து, தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ‘அ, ஆ’ கற்ற அவர்களுடைய பிள்ளைகளுக்கு அது முன்பின் அறியாத நாட்டிற்குப் பெயர்தல். தாத்தா எந்த நிலையில் இங்கு வந்து இறங்கினாரோ, அதே நிலையில் பேரன் அங்கு போய் இறங்கினான். இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பற்றி நம் பாடநூலில் ஒரு வரியும் நான் கண்டதில்லை. அவர்களோடு ஒரே வாங்கில் அமர்ந்து படித்தவர்கள் நம்மிடையே இன்னும் இருக்கிறார்கள்.

சிதம்பரம் கப்பலும் ஒரு முடிவும்

ரஜூலா 1973-இல் இந்தியக் கப்பல் கழகத்துக்கு விற்கப்பட்டு, ‘ரங்கத்’ என்று பெயர் மாற்றப்பட்டு, 1974-இல் உடைக்கப்பட்டது. அக்கழகம் அதற்கு முன்பே, 1972-இல், ‘பாஸ்தர்’ என்னும் பிரெஞ்சுக் கப்பலை வாங்கியிருந்தது. தென் அமெரிக்கப் பயணத்திற்கென 1966-இல் கட்டப்பட்ட அந்த அழகிய கப்பல், விமானங்களின் போட்டியால் ஐரோப்பாவில் வாழ்விழந்து, எம்.வி. சிதம்பரம் என்னும் பெயரோடு நம் கடலுக்கு வந்தது. அப்பெயரைக் கேட்கும் தமிழருக்கு, 1906-இல் சுதேசிக் கப்பல் நிறுவனம் கண்ட வ.உ. சிதம்பரனாரின் நினைவு எழாமல் இராது.

பெரியவர்களின் பேச்சில் சிதம்பரம் ஓர் உல்லாசக் கப்பலைப் போலவே விவரிக்கப்படும். ஆயினும் அதன் முடிவு துயரமானது. 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் கப்பலில் தீப்பற்றிப் பலர் உயிரிழந்தனர். அதோடு அக்கப்பலின் பயணமும், மலேசியாவுக்கும் தமிழ்நாட்டிற்கும் இடையிலான பயணிகள் கப்பல் சேவையும் முடிவுக்கு வந்தன. 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்திலிருந்து இலங்கையின் காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் தொடங்கப்பட்டது. பினாங்குக்கு இன்றுவரை இல்லை.

விமானம் இருக்கிறதே, நான்கு மணி நேரத்தில் சென்னை சேர்ந்துவிடலாமே என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் கப்பல் நின்ற காலத்தில் விமானக் கட்டணம் தொழிலாளர் குடும்பங்களுக்கு எட்டாத ஒன்று. கட்டணம் குறைந்து விமானப் பயணம் எளிதானபோது, கடிதப் போக்குவரத்து நின்று, முகவரிகள் தொலைந்து, ‘ஊரில்’ யார் இருக்கிறார் என்று சொல்லக்கூடிய பெரியவர்கள் பலர் மறைந்துவிட்டனர்.

நாம் செய்யக்கூடியவை

1973-இல் ரஜூலாவில் பயணம் செய்த பத்து வயதுச் சிறுவர் இன்று அறுபதைக் கடந்துவிட்டார். 1985-க்கு முன் சிதம்பரத்தில் சென்று வந்த பிள்ளைகள் இன்று நம் மாணவர்களின் தாத்தா பாட்டிகள், சிலர் பெற்றோரும்கூட. கேட்க வேண்டியதை இன்னும் சில ஆண்டுகளுக்குள் கேட்டுவிட வேண்டும். ஆகவே, ஆசிரியர்களுக்கும் பெற்றோர்களுக்கும் சில பரிந்துரைகள்:

1. உல்லாசக் கப்பலில் செல்லும் குடும்பங்கள், புறப்படும் முன் ஒரு மாலைப் பொழுதைப் பெரியவர்களுக்கு ஒதுக்குங்கள். எந்தக் கப்பல், எந்த ஆண்டு, எந்தத் துறைமுகம், யார் யார் சென்றனர், என்ன உண்டனர், எங்கு உறங்கினர் என்று பிள்ளைகளே கேட்டு எழுதட்டும்.

2. பழைய கடப்பிதழ், சிவப்பு அடையாள அட்டை, கப்பல் பயணச்சீட்டு, அம்மைத்தடுப்புச் சான்றிதழ் ஆகியவை வீட்டில் இருந்தால், அவற்றைப் படமெடுத்துப் பாதுகாத்து வையுங்கள். பெட்டி பழையதென்று தூக்கியெறியும் முன் உள்ளே பாருங்கள்.

3. மேலே சொன்ன கொள்ளளவுக் கணக்கை ஆண்டு 5, ஆண்டு 6 கணிதப் பாடத்தில் பயன்படுத்தலாம். தரையில் சுண்ணக்கட்டியால் ஒரு பாயின் அளவைக் கோடிட்டு, ஐந்து மாணவர்களை அதற்குள் அமரச் செய்தால், டெக் பயணம் என்றால் என்னவென்று சொல்லாமலே விளங்கும்.

4. வரைபடத்தில் அம்புக்குறி இடும்போது, இரு முனைகளும் இருக்கட்டும். வந்தவர்களைப் பற்றிப் பேசும்போது, சென்றவர்களையும், சென்று திரும்பியவர்களையும் பற்றி ஒரு வாக்கியமாவது சொல்லுங்கள்.

நான்காவது பரிந்துரையையே நான் முதன்மையானதாகக் கருதுகிறேன். தன் முன்னோர் கப்பலில் ஏற்றிக் கொண்டுவரப்பட்டவர்கள் என்று மட்டும் கற்கும் பிள்ளை, அவர்களைச் சரக்கைப் போல எண்ணிப் பழகிவிடும். அவர்கள் வறுமையில் வந்தவர்கள்தாம்; ஆயினும் சேமித்தார்கள், திட்டமிட்டார்கள், மனைவி மக்களை அழைத்துக்கொண்டு புயற்காலத்துக் கடலைக் கடந்து உறவைக் காத்தார்கள் என்று அறியும் பிள்ளை நிமிர்ந்து நிற்கும்.

உல்லாசக் கப்பல் எந்தத் துறையில் புறப்பட்டதோ, அந்தத் துறையிலேயே நம்மை இறக்கிவிடும். ரஜூலாவுக்கு இரு கரைகள் இருந்தன. இரண்டிலும் நம்மை எதிர்பார்த்து யாராவது காத்திருந்தார்கள். அடுத்த விடுமுறையில் பிள்ளைகளோடு கப்பலின் மேல்தளத்தில் நின்று கடலைப் பார்க்கும் பெற்றோர்களே, மேற்குத் திசையைக் காட்டி, அங்கே யார் காத்திருந்தார் என்று பெயர் சொல்லிக் கூறுங்கள். பெயர் தெரியாவிட்டால், தெரிந்தவரிடம் இன்றே கேட்டு வையுங்கள்.